ஆவாரைக்கு எந்தக் குடும்பம்?

ஆவாரம்பூவைப் பார்க்கிற அளவுக்கு ஆவாரை இலையை யாரும் பார்ப்பதில்லை. சாலையோரத்தில் மஞ்சளாய்ப் பூத்து நிற்கும் செடியிடம் கை நீட்டுகிறவர்கள் பூங்கொத்தை ஒடித்துக்கொண்டு நடையைக் கட்டிவிடுகிறார்கள். ஆனால் செடியை அடையாளம் காட்டுவது இலைதான். ஒரு கிளையை வளைத்துப் பிடித்து, இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தைக் கவனித்தால், இரண்டு பக்கமும் காதுமடல் மாதிரி அகன்ற பச்சைச் செதில்கள் தெரியும். தாவரவியல் பாடத்தில் இதற்கு இலையடிச்செதில் என்று பெயர். பல செடிகளில் இது சிறியதாக இருந்து சீக்கிரமே உதிர்ந்துவிடும். ஆவாரையில் பெரியதாக, இலையோடு கடைசி வரை இருக்கும். அப்படியே விரலை இலையின் நடு ஈர்க்கில் ஓட்டிப் பார்க்கலாம். எட்டு முதல் பன்னிரண்டு ஜோடிச் சிற்றிலைகள் இருக்கும். ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே மெல்லிய முளை ஒன்று நிமிர்ந்து நிற்கும். அது தேன்சுரப்பி.

இந்தச் செதிலும் சுரப்பியும், பூவுக்குள் இருக்கும் பத்து மகரந்தத்தாள்களும் சேர்ந்துதான் இந்தச் செடி எந்தப் பேரினத்தைச் சேர்ந்தது என்ற கேள்வியை இருநூறு ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு வைத்திருந்தன. வெறும் பெயர்ச் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாத கேள்வி அது. வகைப்பாட்டுக்காரர்கள் லென்ஸ் வைத்துப் பார்க்கும் இந்த நுணுக்கங்களில்தான் செடியின் பிழைப்பே அடங்கியிருக்கிறது. எந்த வண்டு அதற்கு வேண்டும், எறும்பு ஏன் அதன்மேல் ஊர்கிறது, அதன் உறவுக்காரச் செடிகளில் எது நஞ்சு என்பதெல்லாம் அங்கிருந்துதான் புரிகிறது.

ஆவாரை இந்த மண்ணின் செடி. இந்தியாவின் வறண்ட பகுதிகள், இலங்கையின் உலர் வலயம், மியான்மர் ஆகியவை அதன் தாயகம். ஆள் உயரத்துக்குச் சற்றுக் கூடவோ குறையவோ வளரும் புதர். கரிசல், செம்மண், சரளை, ரயில் பாதை ஓரம், ஏரிக்கரை என்று எங்கும் நிற்கும். ஆடுமாடுகள் அவ்வளவாக வாய் வைப்பதில்லை என்பதால், மேய்ச்சலில் மொட்டையாகிப்போன தரிசிலும் இது மட்டும் பச்சையாக இருக்கும். சங்கப் பாடல்களில் இதன் பெயர் ஆவிரை. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 பூக்களில் இதுவும் ஒன்று. காதல் கைகூடாத தலைவன் பனைமடலில் செய்த குதிரையில் ஏறி ஊர் நடுவே வருவானே, அவன் அணிந்து வருவதும் ஆவிரம்பூதான். கூடவே எருக்கும் பூளையும் இருக்கும். பூளையும் ஆவாரையும் அன்று முதல் சேர்ந்தே வருகின்றன. கொங்கு நாட்டில் பொங்கலுக்கு முன்பு காப்புக் கட்டும்போது வேப்பிலையோடு இந்த இரண்டையும் சேர்த்துக் கட்டித்தான் வீட்டு முகப்பிலும் தோட்டத்திலும் செருகுகிறார்கள்.

வடக்கே தெலங்கானாவில் இதற்குத் தங்கேடு என்று பெயர். அங்கே பதுகம்மா பண்டிகையில் பூக்களைக் கோபுரமாக அடுக்கும்போது தங்கேடு இல்லாமல் தொடங்க மாட்டார்கள். 2014இல் தனி மாநிலம் அமைந்ததும் மாநிலப் பூவாக அறிவிக்கப்பட்டதும் அதுவே. தோட்டங்களில் அலங்காரமாக வளரும் எத்தனையோ பூக்கள் இருக்க, கல்லிலும் முள்ளிலும் தானாக வளர்கிற புதர்ச்செடி ஒன்றுக்கு அந்த மரியாதை கிடைத்தது மிகச் சரியான காரியம்.

இனி வகைப்பாட்டுக்கு வரலாம். 1753இல் சுவீடனைச் சேர்ந்த கார்ல் லின்னேயஸ் வெளியிட்ட ‘ஸ்பீசீஸ் பிளான்டாரம்’ என்ற நூலில்தான் ஆவாரைக்கு முறையான இரட்டைப் பெயர் கிடைத்தது. காசியா ஆரிகுலேட்டா. ஆரிகுலேட்டா என்றால் காதுடையது. பூவின் நிறத்தையோ மருத்துவக் குணத்தையோ விட்டுவிட்டு, அந்த இலையடிச்செதிலைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார் அவர்.

சிக்கல் இருந்தது பெயரின் முதல் பாதியில். லின்னேயஸுக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே பிரெஞ்சுத் தாவரவியலாளர் டூர்ன்ஃபோர், காசியா வேறு, சென்னா வேறு என்று இரண்டு பேரினங்களாகப் பிரித்திருந்தார். லின்னேயஸ் அந்தப் பிரிவினையை ஏற்காமல் எல்லாவற்றையும் காசியாவுக்குள் போட்டார். அடுத்த ஆண்டே, 1754இல், லண்டனின் செல்சீ மூலிகைத் தோட்டத்தைக் கவனித்துவந்த பிலிப் மில்லர் தன் தோட்டக்கலை அகராதியில் சென்னாவைத் திரும்பவும் தனியாக எடுத்து வைத்தார். தொடங்கிய இடத்திலேயே இரண்டு கட்சிகள்.

தென்னிந்தியச் செடிகளை நேரில் பார்த்து எழுதிய வில்லியம் ராக்ஸ்பர்க் இதில் சென்னா கட்சி. கோதாவரிக்கு அருகில் சாமல்கோட்டையில் பல ஆண்டுகள் இருந்து செடிகளைச் சேகரித்து வரையச் செய்த மருத்துவர் அவர். பிறகு கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் பொறுப்புக்குப் போனார். ஆவாரையை உலர்ந்த மாதிரியாக மட்டும் பார்த்தவர் அல்ல. அது வேலியாகவும் விறகாகவும் இருக்கிற ஊர்களில் வாழ்ந்தவர். 1815இல் அவர் இறந்த பிறகு, 1832இல் செராம்பூரில் அச்சான ‘ஃப்ளோரா இண்டிகா’வில் இந்தச் செடி சென்னா ஆரிகுலேட்டா என்று இருக்கிறது. இன்று நூல்களில் பார்த்து, இது என்ன புதுப் பெயர் என்று பலர் கேட்பது இந்தப் பெயரைத்தான். அதற்கு ஏறக்குறைய இருநூறு வயது.

ஆனால் ராக்ஸ்பர்க் சொன்னது நிலைக்கவில்லை. 1871இல் ஜார்ஜ் பெந்தம் காசியா முழுவதையும் ஆராய்ந்து ஒரு பெரிய கட்டுரை வெளியிட்டார். உள்ளுக்குள் மூன்று தெளிவான பிரிவுகள் இருப்பதை அவரே கண்டுசொன்னார். இருந்தும் மூன்றையும் ஒரே பேரினத்துக்குள் துணைப்பேரினங்களாக வைத்துவிட்டார். லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்தின் செல்வாக்கும் பெந்தமின் செல்வாக்கும் அப்படி. அடுத்த நூறாண்டுக்குப் பெரும்பாலோர் அதைப் பின்பற்றினார்கள். 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்து, தமிழ்நாட்டில் தாவரவியல் படித்த ஒவ்வொருவரும் புரட்டிய கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூலிலும் ஆவாரை காசியாதான்.

லண்டனில் இந்த விவாதம் நடந்த காலத்தில், சென்னை மாகாணத்தின் தோல் தொழில் இதே செடியின் பட்டையை நம்பி நடந்துகொண்டிருந்தது. ஆவாரம்பட்டையில் தோலைப் பதப்படுத்தும் துவர்ப்புப் பொருள் நிறைய உண்டு. கிராமத்தில் சுள்ளிகளை வெட்டிப் பட்டையை உரித்துக் காயவைத்துக் கட்டி அனுப்புவார்கள். தோல் கிடங்கில் அதை இடித்துத் தொட்டியில் ஊறவைத்து, அந்தச் சாற்றில் மாட்டுத்தோலையும் ஆட்டுத்தோலையும் மாற்றி மாற்றிப் போடுவார்கள். வெளிர் நிறத்தில், மிருதுவான தோல் கிடைக்கும். ஒரு குறை உண்டு. ஆவாரம்பட்டையில் பதமான தோல் வெளிச்சம் பட்டால் நாளடைவில் சிவந்துபோகும். அதைத் தடுக்கக் கடைசியாகக் கடுக்காய்ச் சாற்றில் ஒருமுறை போட்டு எடுப்பார்கள். இப்படிப் பாதி பதப்படுத்திய தோல் ‘கிழக்கிந்திய கிப்ஸ்’ என்ற பெயரில் கப்பலேறியது. முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் படைகளுக்கான பூட்ஸின் மேல்தோலுக்கு இதற்குப் பெரும் கிராக்கி இருந்தது. ஐரோப்பியப் போர்க்களத்துச் சேற்றில் நடந்த காலணிகளில் தென்னாட்டுப் புதர்ச்செடி ஒன்றின் பட்டைச்சாறு ஊறியிருந்தது என்பதைத் தாவரவியல் பாடத்திலாவது யாரேனும் சொல்லித்தந்தால் நன்றாக இருக்கும்.

அந்தத் தொழிலில் ஆவாரைக்குப் போட்டியாக வந்தவை இரண்டு. ஒன்று குரோம் உப்பு. ஆல்பிரட் சாட்டர்டன் 1900களின் தொடக்கத்தில் சென்னையில் குரோம் முறையை முன்னெடுத்தார். இன்னொன்று தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வாட்டில் பட்டை. ஆவாரையைவிட அதில் துவர்ப்புப் பொருள் அதிகம். வாட்டில் உண்மையில் ஆஸ்திரேலிய மரம். நீலகிரியில் சீகை என்கிறார்கள். பட்டைக்காகவும் விறகுக்காகவும் மலையில் நடப்பட்டு, இன்று சோலைப் புல்வெளிகளை விழுங்கி நிற்பது அதுதான். தரிசில் தானாக வளர்ந்து யாருக்கும் கெடுதல் செய்யாத உள்ளூர்ப் புதரை விட்டுவிட்டு, மலையையே மாற்றிய மரத்தைக் கொண்டுவந்தோம். அந்தக் கணக்கில் நட்டம் மலைக்கு.

காசியா, சென்னா வழக்கு ஒரு முடிவுக்கு வந்தது 1982இல்தான். ஹோவர்ட் இர்வின், ரூப்பர்ட் பார்னெபி என்ற இருவர், அமெரிக்கக் கண்டங்களில் வளரும் இந்த வகைச் செடிகளை எல்லாம் ஆராய்ந்து, தொள்ளாயிரம் பக்கங்களைத் தாண்டிய ஆய்வை நியூயார்க் தாவரவியல் தோட்டத்தின் வெளியீடாகக் கொண்டுவந்தார்கள். பெந்தம் கண்ட மூன்று பிரிவுகளும் துணைப்பேரினங்கள் அல்ல, மூன்று தனிப் பேரினங்களே என்றார்கள். காசியா, சென்னா, கமேகிரிஸ்டா. காசியாவில் மிஞ்சியது சுமார் 30 சிற்றினங்கள். மற்ற இரண்டுக்கும் சில நூறுகள் போயின.

அவர்கள் சொன்ன வேறுபாட்டைப் பார்க்க அமெரிக்கா போக வேண்டியதில்லை. ஒரு சரக்கொன்றைப் பூவையும் ஓர் ஆவாரம்பூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். சரக்கொன்றை இன்றும் காசியாதான். காசியா ஃபிஸ்டுலா. அதன் பத்து மகரந்தத்தாள்களில் கீழ்ப்பக்கம் உள்ள மூன்றின் கம்பிகள் மிக நீளம். கீழே இறங்கி, வளைந்து, திரும்பவும் மேலே நிமிரும். நுனியில் இருக்கும் மகரந்தப்பையோ சின்னது. ஆவாரம்பூவில் அந்த வளைவே கிடையாது. கம்பி குட்டை. பைகள்தான் பெரியவை. கீழ்ப்பக்கத்துப் பைகள் நீண்டு, வளைந்து, அலகு போல் நுனி கூர்ந்திருக்கும். மேலே உள்ள மூன்று தாள்கள் மலடு. இன்னொன்றும் உண்டு. சரக்கொன்றைப் பூக்காம்பில் பூக்காம்புச் செதில் இருக்கும், சென்னாவில் இருக்காது. சரக்கொன்றை இலையில் தேன்சுரப்பி இருக்காது, சென்னாவில் பலவற்றில் இருக்கும். மூன்றாவது பேரினமான கமேகிரிஸ்டாவில் காய் முற்றியதும் படீரென்று முறுக்கி வெடிக்கும். ஆவாரங்காய் வெடிப்பதில்லை. மெலிந்த காகிதம் போன்ற தட்டைக் காயாகப் பழுப்பேறிச் செடியிலேயே சலசலத்துக்கொண்டிருக்கும்.

இத்தனை நுணுக்கமும் எதற்கு என்று கேட்டால், பதில் வண்டுகளிடம் இருக்கிறது.

ஆவாரம்பூவுக்குள் தேன் கிடையாது. வருகிற வண்டுக்கு அது கொடுப்பது மகரந்தம் மட்டும். அதையும் சும்மா கொடுப்பதில்லை. மற்ற பெரும்பாலான பூக்களில் மகரந்தப்பை நீளவாக்கில் பிளந்து தூளைக் கொட்டிவிடும். சென்னாவில் பையின் நுனியில் சிறு துளைதான் திறக்கும். வண்டு பையைக் கவ்விப் பிடித்து, இறக்கையை விரிக்காமல் மார்புத் தசையை மட்டும் அதிரவைத்தால்தான் அந்தத் துளை வழியாக மகரந்தம் பீய்ச்சிக்கொண்டு வரும். மூங்கிலிலும் உத்தரத்திலும் துளை போடுகிற பெரிய கருவண்டுக்கு இந்த வித்தை தெரியும். தேனீக்குத் தெரியாது. காலை வேளையில் ஆவாரம்புதர் அருகே நின்றால், வண்டு பறக்கும்போது ஒரு சுதியும் பூவைப் பிடித்ததும் அதைவிட உயர்ந்த சுதியும் கேட்கும். அந்த இரண்டாவது சத்தம்தான் அறுவடை. குட்டையான கம்பியும் பெரிய பையும் இந்த அதிர்வைத் தாங்குவதற்கு ஏற்ற அமைப்பு. ஆக, 1982இல் பேரினத்தைப் பிரிக்கப் பயன்பட்ட அடையாளமும் வண்டு கவ்விப் பிடிக்கிற கருவியும் ஒன்றேதான். புதரைக் காப்பாற்ற நினைப்பவர்கள், பட்ட மரத்தையும் காய்ந்த மூங்கிலையும் ஓரமாக விட்டுவைப்பது நல்லது. கருவண்டு குடியிருப்பது அங்கே.

இலையில் இருக்கும் தேன்சுரப்பி வேறு கதை. பூவில் இல்லாத தேனை இலையில் வைத்திருப்பது எறும்புக்காக. தேனைத் தேடி எறும்பு தளிரெங்கும் ஊர்ந்துகொண்டிருக்கும்போது, முட்டையிட வரும் பூச்சிக்கும் தளிரைக் கடிக்கும் புழுவுக்கும் இடைஞ்சல். சென்னாவின் மரபணுவை ஆராய்ந்த பிரிஜிட் மராஸியும் கூட்டாளிகளும் 2006லும் அதற்குப் பிறகும் காட்டியது சுவாரசியமானது. இலையில் சுரப்பியுள்ள சிற்றினங்கள் எல்லாம் ஒரே கிளையில் அமைகின்றன. சுரப்பி இல்லாதவற்றைவிட அந்தக் கிளை வேகமாகப் பெருகிப் பல சிற்றினங்களாகப் பிரிந்திருக்கிறது. விரல் நுனியில் தட்டுப்படும் அந்தச் சின்ன முளை ஒரு வம்சத்தையே தழைக்க வைத்திருக்கிறது. அப்படியும் எறும்பை ஏமாற்றி முட்டையிட்டுப் போகும் பட்டாம்பூச்சிகள் உண்டு. ஆவாரையைச் சுற்றிக் கூட்டமாகப் பறக்கும் வெளிர் பச்சை கலந்த வெள்ளைப் பட்டாம்பூச்சிகளின் புழுக்களுக்கு ஆவாரையும் அதன் உறவுகளும்தான் சாப்பாடு.

வேரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பயறு, அவரை, தக்கைப்பூண்டு எல்லாம் வேர்முடிச்சில் காற்றின் தழைச்சத்தைச் சேர்க்கும் என்பதால், அதே குடும்பத்துச் செடியான ஆவாரையும் சேர்க்கும் என்று இயற்கை வேளாண் கூட்டங்களில் சொல்லக் கேட்கலாம். சேர்க்காது. சென்னாவுக்கு வேர்முடிச்சு கிடையாது. கமேகிரிஸ்டாவில்தான் அது பரவலாக உண்டு. மூன்று பேரினங்களையும் பிரித்தது சரி என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி. ஆவாரம் தழையை வயலில் மிதித்து உரமாக்கும் பழக்கம் நம் ஊரில் நெடுங்காலமாக இருக்கிறது. அதில் தவறில்லை. தரிசு மண்ணிலிருந்து வேர் உறிஞ்சிய சத்து தழை வழியாக வயலுக்கு வருகிறது. காற்றிலிருந்து அல்ல.

பேரினத்துக்கு மேலே குடும்பம். அங்கேயும் சும்மா இருக்க விடவில்லை. பழைய நூல்களில் ஆவாரை சிசால்பினியேசி என்ற தனிக் குடும்பத்தில் இருக்கும். புளி, மந்தாரை, சரக்கொன்றை எல்லாம் அதே குடும்பம். பட்டாம்பூச்சி வடிவப் பூ இருந்தால் ஒரு குடும்பம், பஞ்சுருண்டை போல் பூத்தால் இன்னொரு குடும்பம், இரண்டும் இல்லாமல் ஐந்து இதழ் விரிந்திருந்தால் இது என்று பிரித்திருந்தார்கள். கல்லூரியில் இந்த மூன்றையும் உருப்போட்டு எழுதிய தலைமுறைகள் உண்டு. 2017இல் அது மாறியது. 97 ஆய்வாளர்கள் சேர்ந்து, 765 பேரினங்களில் 698இன் மரபணுத் துண்டை ஒப்பிட்டு, எல்லாம் ஒரே லெகுமினோசே குடும்பம், அதற்குள் ஆறு துணைக்குடும்பங்கள் என்று வகுத்தார்கள்.

அதன் விளைவு, பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கொஞ்சம் அதிர்ச்சி. புளி வேறு துணைக்குடும்பத்துக்குப் போய்விட்டது. மந்தாரை இன்னொன்றுக்கு. பஞ்சுருண்டையாய்ப் பூக்கும் கருவேலமும் தொட்டாற்சிணுங்கியும் ஆவாரை இருக்கும் சிசால்பினியாய்டியே துணைக்குடும்பத்துக்குள் வந்துவிட்டன. அதாவது, ஐந்து இதழ் மஞ்சள் பூவுள்ள ஆவாரைக்குப் புளியைவிடக் கருவேலம்தான் நெருங்கிய சொந்தம். பூவின் வெளித்தோற்றத்தை நம்பி இரண்டு நூற்றாண்டு போட்ட கோடு, மரபணுவைப் பார்த்ததும் இடம் மாறிவிட்டது. தோல் தொழிலில் ஆவாரையை ஓரங்கட்டிய வாட்டிலும் இப்போது அதே துணைக்குடும்பம்தான்.

நம் ஊர்ப் பெயர்கள் இந்த இடத்தில் வியக்கவைக்கின்றன. நிலாவாரை, பேயாவிரை, பொன்னாவிரை. ஆவாரையின் பெயரைத் தாங்கிய இவை மூன்றுமே இன்று சென்னாவில் இருக்கின்றன. மரத்தையும் தொங்கும் நீளக் காயையும் பார்த்து வைத்த சரக்கொன்றை காசியாவிலேயே நின்றுவிட்டது. ஊர்க்காரர்கள் மகரந்தத்தாளை எண்ணியிருக்க மாட்டார்கள். ஆனாலும் செடியின் மொத்த ஜாடையை வைத்துப் போட்ட உறவு பெரும்பாலும் சரியாக வந்திருக்கிறது. பெரும்பாலும்தான், எப்போதும் அல்ல. முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் காட்டை ஆக்கிரமித்து நிற்கும் வேற்றுநாட்டு மரத்தை மஞ்சள் கொன்றை என்கிறார்கள். அது சென்னா ஸ்பெக்டாபிலிஸ், வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. அதன் அடியில் வேறு செடி தலையெடுப்பது கடினம், யானைக்கும் மானுக்கும் தீவனம் இல்லாமல் போகிறது. அதை வெட்டிக் காகிதக் கூழுக்கு அனுப்பும் வேலை நடந்துவருகிறது. ‘சென்னா செடிகளை அகற்றுவோம்’ என்று பொதுவாக எழுதும் செய்திகளைப் படிக்கும்போது, அந்தப் பேரினத்தில் நம் ஆவாரையும் இருக்கிறது என்ற கவலை எழாமல் இல்லை. பேரினப் பெயரோடு சிற்றினப் பெயரையும் சேர்த்து எழுத இரண்டு நொடிதான் ஆகும்.

நிலாவாரை திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கத்துப் பணப்பயிர். அரேபியாவிலிருந்து வந்து, பேதி மருந்தாக உலகச் சந்தையில் ‘டின்னவெல்லி சென்னா’ என்ற பெயரோடு இடம்பிடித்தது. எகிப்து வழியாகப் போன அலெக்சாண்ட்ரியா சென்னாவும் இதுவும் வேறு வேறு சிற்றினங்கள் என்று மருந்து நூல்கள் நெடுநாள் எழுதிவந்தன. இரண்டும் சென்னா அலெக்சாண்ட்ரினா என்ற ஒரே சிற்றினம் என்பது இன்றைய முடிவு.

பேயாவிரை விஷயம் அப்படி லேசானது அல்ல. மேற்கு உத்தரப் பிரதேசத்தில் பல ஆண்டுகளாகச் சின்னக் குழந்தைகள் திடீரென மயக்கமுற்று இறந்துகொண்டிருந்தார்கள். வைரஸ் மூளைக்காய்ச்சல் என்றே முதலில் நினைத்தார்கள். பிஜ்னோரைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் விபின் வசிஷ்டாவும், வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றிய ஜேக்கப் ஜானும் அவர்களோடு மற்றவர்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வுகள், காரணம் வைரஸ் அல்ல, குழந்தைகள் விளையாட்டாகத் தின்ற பேயாவிரை விதை என்று சுட்டின. கல்லீரல், தசை, மூளை மூன்றையும் அது தாக்குகிறது. அந்தப் பேயாவிரையும் ஆவாரை போலவே மஞ்சள் பூப் பூக்கும் தரிசுச் செடி. பிரித்தறியத்தான் இலையைப் பார்க்கச் சொல்வது. பேயாவிரையில் சிற்றிலைகள் குறைவு, மூன்று முதல் ஆறு ஜோடிதான். நுனி கூர்ந்திருக்கும். கசக்கினால் கெட்ட வாடை அடிக்கும். சுரப்பி ஒன்றே ஒன்று, அதுவும் இலைக்காம்பின் அடியில். ஆவாரையில் சிற்றிலைகள் அதிகம், நுனி மழுங்கியிருக்கும், ஜோடிக்கு ஒரு சுரப்பி. இந்த வித்தியாசத்தைக் கிராமத்துப் பள்ளிக்கூடங்களில் செடியோடு காட்டிச் சொல்லித்தர வேண்டும்.

பூவைக் காயவைத்துக் கொதிக்கவைத்துக் குடிக்கும் பழக்கம் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பழையது. இலங்கையில் ரணவரா என்ற சிங்களப் பெயரில் பொட்டலமாகவே விற்கிறது. சர்க்கரை நோய்க்கு ஆவாரை நல்லது என்ற நம்பிக்கைக்கு ஆதரவாக, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பரியும் லதாவும் 2002இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. சர்க்கரை நோய் உண்டாக்கப்பட்ட எலிகளில் பூச்சாறு ரத்தச் சர்க்கரையைக் குறைத்தது என்றது அது. எலிக்குச் சரி, மனிதருக்கு மாத்திரையை நிறுத்திவிட்டுக் குடிக்கலாம் என்று இதிலிருந்து பொருள் கொள்ளக் கூடாது. 2004இல் இலங்கை ஆய்வாளர்கள் வெளியிட்ட இன்னோர் ஆய்வு கவனிக்கத்தக்கது. வலிப்பு நோய்க்குத் தரப்படும் கார்பமாசெபின் மருந்தோடு ஆவாரம் தேநீரையும் எலிகளுக்குக் கொடுத்தபோது, ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு ஏறியது. வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இந்தத் தேநீரைத் தினமும் குடிப்பது ஆபத்து. ‘இயற்கைதானே’ என்ற பேச்சு இங்கே எடுபடாது.

இந்த இரண்டு ஆய்வுகளும், பேயாவிரை ஆய்வுகளும் 1982க்கு வெகுகாலம் பிறகு வந்தவை. இருந்தும் தலைப்பில் காசியா என்றே இருக்கின்றன. மருத்துவ ஆய்வாளர்களுக்குப் பழைய பெயரைக் கைவிட மனமில்லை. ஆகவே ஆவாரையைப் பற்றி இணையத்தில் தேடுகிறவர்கள் சென்னா ஆரிகுலேட்டா, காசியா ஆரிகுலேட்டா என்ற இரண்டு பெயரிலும் தேட வேண்டும். ஒன்றை மட்டும் போட்டால் பாதித் தகவல் கண்ணில் படாது. அந்தப் பாதியில்தான் எச்சரிக்கைகள் இருக்கின்றன.

நான்குவழிச் சாலைக்காக ஓரங்களைச் சுரண்டும்போது முதலில் போவது இந்தப் புதர்தான். அதற்குப் பதிலாக நடுத்தடுப்பில் அரளியும் காகிதப்பூவும் வைக்கிறார்கள். ஆவாரையை வைப்பது அதைவிட எளிது. முற்றிப் பழுப்பான காயிலிருந்து விதையை எடுக்கலாம். ஒரு காயில் பத்துக்கு மேல் விதைகள் இருக்கும். விதைத்தோல் கெட்டியானது என்பதால் அப்படியே போட்டால் பல நாள் முளைக்காமல் கிடக்கும். உப்புத்தாளில் லேசாக உரசியோ, கொதித்து இறக்கிய வெந்நீரில் போட்டு ஆறவிட்டு ஓர் இரவு ஊறவைத்தோ விதைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு நேரடியாக நிலத்தில் ஊன்றிவிட்டால், அந்த மழையிலேயே பிடித்துக்கொள்ளும். உரம் வேண்டாம். வேர் இறங்கிய பிறகு தண்ணீரும் பெரிதாக வேண்டாம். வெட்டினாலும் தூரிலிருந்து துளிர்க்கும்.